கொயர் அக்கா காய்ச்சிய பீர்

கொயர் அக்காவைக் குடிகாரி என்று முதலில் சொன்னவர் எங்கள் கிறிஸ்தவ சபையின் செயலாளர். அக்கா காய்ச்சிய பீரைக் குடித்தவர் அவர். ஒரு தம்ளரோடு நிறுத்தியவரும் அல்ல. காலித் தம்ளரை நீட்டி, "சிஸ்டர், இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டேன். வருஷங்கள் போய்விட்டன. ஆனாலும் அந்தத் தம்ளர் நினைவுக்கு வந்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் அக்காவைப் பற்றி நான் நிதானமாகச் சொல்லுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மும்பைச் செம்பூரில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். நான் இரண்டாவது மாடி, அவர் மூன்றாவது. சபையின் பாடகர் குழுவை அவர்தான் நடத்தினார் என்பதால் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் கொயர் அக்கா. குள்ளமான உருவம், நறுக்கிவிட்ட நரைமுடி, இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "கேட்ட நேரத்துல யாரும் வரல, வந்த நேரத்துல நான் சும்மா இல்ல" என்பார். பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை. வார நாட்களில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை கோவில், நடுவில் கிடைக்கிற சனிக்கிழமையில் பீர்.

ஆமாம், பீர்தான். அடுக்களையில், கேஸ் அடுப்பில், தாராவி பாத்திரக் கடையில் வாங்கிய பெரிய பிரியாணி டேக்சாவில். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது அவருடைய தம்பி. கப்பலில் என்ஜினியர். ஏதோ ஒரு துறைமுகத்தில் யார் வீட்டிலோ பார்த்துவிட்டு, முளைகட்டிய பார்லியும் ஹாப்ஸ் என்கிற காய்ந்த பூவும் அக்காவுக்கு வாங்கி வந்தார். அக்கா முதலில் சிரித்தார். பிறகு செய்து பார்த்தார். பிறகு விடவில்லை. தம்பி கொண்டுவருவது போதாமல் பெங்களூர்க் கடை ஒன்றிலிருந்து கூரியரில் வரவழைக்க ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் தயிர் கடன் வாங்கப் போய்த்தான் நான் அதை முதலில் பார்த்தேன். வீடு முழுக்க ஹார்லிக்ஸைக் கொதிக்கவைத்தது போன்ற வாசனை. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டேக்சாவின் முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் மூன்று சின்னக் கிண்ணங்கள். மூன்றிலும் அந்த ஹாப்ஸ் பூவை இடித்து உருட்டிய, கோழித் தீவனம் மாதிரிப் பச்சை உருண்டைகள்.

"இது என்ன அக்கா, மூணுலயும் ஒண்ணுதான இருக்கு?"

"ஒண்ணுதான். போடுத நேரம் வேற."

"அதுல என்ன வித்தியாசம் வந்துரும்?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமலே அவர் என்னைத் திட்டத் தொடங்கினார்.

"என்ன வித்தியாசமா? ஏட்டி, கொதி வந்ததும் முதல் கிண்ணம். அது ஒரு மணி நேரம் வேகணும். வெந்தாத்தான் கசப்பு இறங்கும். அந்தக் கசப்பு இல்லன்னா இது வெறும் இனிச்ச கஞ்சி. ரெண்டாவது கிண்ணம் முடியுததுக்குக் கால் மணி இருக்கும்போது. அது நாக்குக்கு. மூணாவது அடுப்ப அணைக்குத சமயத்துல. அது மூக்குக்கு. மூணையும் முதல்லயே கொட்டினேன்னு வையி, கசப்பு மட்டும் நிக்கும். வாசனை பூரா எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாப் பக்கத்து பில்டிங்குக்குப் போயிரும். அவன் எனக்கு நன்றி சொல்லுவானா?"

அவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவருடைய கை இரண்டாவது கிண்ணத்தை எடுத்திருந்தது. வாட்சைப் பார்த்தார். கொட்டினார். நுரை சட்டென்று விளிம்புவரை பொங்கி வந்தது. அவர் பதறவில்லை. குளிர்ந்த தண்ணீரைக் கையில் அள்ளித் தெளித்தார், அது அடங்கியது. எலுமிச்சைத் தோலையும் புல்லையும் சேர்த்துக் கசக்கினாற்போல ஒரு வாசனை எழுந்தது. நான் தயிர் கேட்க வந்ததையே மறந்துவிட்டேன்.

அவருக்கு எல்லாவற்றிலும் இதே பிடிவாதம்தான். சீக்கிரமும் ஆகாது, தாமதமும் ஆகாது. எட்டு பத்துக்கு வரும் ரயிலுக்கு எட்டு மணிக்கே பிளாட்பாரத்தில் போய் நிற்பவர்களைப் பார்த்தாலும் அவருக்கு எரிச்சல், ஓடும் ரயிலில் தாவி ஏறுபவர்களைப் பார்த்தாலும் எரிச்சல். நலம் விசாரிக்கப் போன வீட்டில் துக்கம் விசாரிப்பது போலப் பேசியவரை வாசலுக்குக் கூட்டிவந்து திட்டினார். "அவரு இன்னும் உயிரோடதான இருக்காரு? அதுக்குள்ள எதுக்கு அழுதீங்க?"

தம்பி ஒருமுறை விடுமுறையில் வந்திருந்தபோது, அக்கா போன் பேசப் போன இடைவெளியில், உதவி செய்கிறேன் என்று மூன்று கிண்ணத்தையும் ஒரே சமயத்தில் கொட்டிவிட்டார். அக்கா திரும்பி வந்து பார்த்தார். அதைக் கீழே ஊற்றவில்லை. முறைப்படி ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, ஐஸ் பாட்டில் மிதக்கும் தண்ணீர்த் தொட்டியில் வாளியை இறக்கி, பொறுமையாகப் புளிக்கவைத்து, பாட்டிலில் அடைத்தார். தம்பியின் விடுமுறை முடியும்வரை அவருக்கு மட்டும் அந்த பீர். வேப்பிலைக் கஷாயம் மாதிரி இருக்கிறது என்று அவர் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். "நீ போட்டது, நீதான் குடிக்கணும்" என்று அக்கா சொல்லிவிட்டாராம்.

பாடகர் குழுவிலும் அப்படித்தான். பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவில் நாங்கள் ஒரு துளி முன்னால் நுழைந்தாலும் கையை இறக்கிவிடுவார். பாட்டு நின்றுவிடும். "யாரு உங்களக் கூப்பிட்டா?" என்பார். எங்களில் ஒருத்தி அக்காவைக் குளிரவைக்க நினைத்து, "பாட்டும் உங்க பீர் மாதிரிதான், இல்லியாக்கா? யார் எப்ப வரணும்னு" என்று ஆரம்பித்தாள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "பாட்டு வேற, பீர் வேற. இது கோவில். உளறாம பாட்டப் பாடு" என்று அதட்டினார்.

அவர் கோவிலை எவ்வளவு மரியாதையோடு வைத்திருந்தார் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பின்னாளில் அவரைக் கோவிலின் பெயரைச் சொல்லித்தான் அடித்தார்கள்.

இனி அந்த ஈஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்டர் காலை ஆராதனையில் ஒரு பாட்டின் நடுவில் தனிக்குரல் வரும். அதைச் செயலாளரின் மகளுக்குக் கொடுத்திருந்தார் அக்கா. நல்ல குரல்தான் அந்தப் பிள்ளைக்கு. ஆனால் ஒத்திகைக்கு ஒருநாளும் நேரத்துக்கு வராது. அக்கா இரண்டு தடவை சொன்னார். கடைசி ஒத்திகைக்கும் அது வந்தபோது பாதி முடிந்திருந்தது. அக்கா அங்கேயே, எல்லோர் முன்னாலும், "கிரேஸ், நீ பாடு" என்றார். கிரேஸ் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவள். வேலை முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, ஒத்திகை அறையின் கதவைத் திறக்கிறவளே அவள்தான். ஈஸ்டர் அன்று அவள் பாடியபோது ஆண்கள் பக்கத்தில்கூடக் கண் துடைத்தவர்கள் உண்டு.

செயலாளர் துடைக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், செருப்பு மாட்டும் இடத்தில் நின்று, அக்கா காதில் விழும்படியே யாரிடமோ சொன்னார்: "தாராவிப் புள்ளைக்குப் பின்னால நிக்கணுமா எம் மக?"

அந்த ஆளும் தாராவியில் பிறந்து வளர்ந்தவர்தான். செம்பூரில் ஃப்ளாட் வாங்கி வந்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்பதுதான் அவர் கணக்கு. அக்கா திரும்பி ஏதாவது சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். "இதுக்கெல்லாம் இப்ப பதில் சொல்லக் கூடாதுட்டி" என்றார் வழியில். எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ஊர்வலம் எங்கள் கட்டடத்தில் முடிந்தது. எல்லோரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். குழந்தைகளுக்குக் கேக், ஜூஸ். பெரியவர்களில் வேண்டும் என்றவர்களுக்கு அக்கா எவர்சில்வர் தம்ளரில் பீர் கொடுத்தார். யாரையும் வற்புறுத்தவில்லை; மறைக்கவும் இல்லை. போதகர் வேண்டாம் என்றார். அவருக்கு டீ. செயலாளர் முதலில், "இதெல்லாம் நமக்கு எதுக்கு" என்றார். பிறகு ஒரு வாய். பிறகு நான் முன்பே சொன்ன அந்தக் காலித் தம்ளர். "கடையில வாங்குறதெல்லாம் சோப்புத் தண்ணி சிஸ்டர். இதுலதான் ஒரு மணம் இருக்கு" என்று பாராட்டு வேறு.

அவருடைய மனைவி எஸ்தர் அத்தை அன்றைக்கு அடுக்களையில் என்னோடு தட்டு கழுவிக்கொண்டிருந்தார். ஒல்லியான, சத்தமே வராத மனுஷி. கணவர் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அக்கா ஒரு தம்ளரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அத்தை வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு வாய் குடித்தார். "கசக்கு" என்றார். "ஆனா பரவால்ல." தம்ளர் காலியான பிறகு அதையும் சேர்த்துக் கழுவி வைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில்தான் வினை வந்தது. பெங்களூரிலிருந்து வந்த கூரியர்ப் பொட்டலம் நனைந்து கிழிந்து, கீழே வாட்ச்மேன் மேஜையில் பச்சை உருண்டைகள் சிந்திவிட்டன. அந்த வாசனையைப் பிடித்த வாட்ச்மேன் யாதவ், ஹவுஸிங் சொசைட்டித் தலைவரைக் கூப்பிட்டான். தலைவர் மோந்து பார்த்தார். "யே தோ காஞ்சா ஹை" என்று, கஞ்சாதான் என்றே முடிவு கட்டினார். கட்டடத்தில் பாதிப் பேர் கீழே கூடிவிட்டார்கள். நானும் இறங்கிப் போனேன்.

அக்கா கையில் கரித்துணியோடு வந்தார். "யே ஃபூல் ஹை, பாய்சாப். பீர் மே டால்தே ஹை" என்றார். பீரில் போடுகிற பூ என்று அவ்வளவு வெளிப்படையாகச் சொன்னார். தலைவர் கேட்பதாக இல்லை. போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்கள் வரும்வரை இங்கேயே நில்லுங்கள் என்றார்.

"போலீஸ் வரட்டும். மூணாவது மாடிக்கு வரச் சொல்லுங்க. என் அடுப்பு எரியுது, நான் இங்க நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, கிழிந்த பொட்டலத்தை முந்தானையில் அள்ளிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். ஒரு கான்ஸ்டபிள் வந்தார். மேலே போனார். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்தார், போனில் எதையோ தேடிப் பார்த்தார், டீ குடித்தார், இறங்கினார். கீழே வந்தவர் தலைவரிடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

கட்டடத்தில் முடிந்தது. சபையில் அங்கேதான் ஆரம்பித்தது. கொயர் நடத்தும் அம்மா வீட்டுக்குப் போலீஸ் வந்ததாம், கஞ்சாவாம், சாராயம் காய்ச்சி விற்கிறாளாம். யார் பரப்பினார்கள் என்று கேட்டால் எல்லோரும் மேலே பார்த்தார்கள். போலீஸ் எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்ற பாதியை மட்டும் யாருமே சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் செயலாளரும் கமிட்டியில் இன்னும் இரண்டு பேரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நான் அங்கே இருந்தேன். அடுக்களையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். டேக்சா கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் மூக்கைப் பொத்தாத குறை.

"சிஸ்டர், கொஞ்சம் பேசணும்" என்றார் செயலாளர்.

"பேசலாம். உக்காருங்க. ரெண்டாவது போட்டாச்சி, கடைசி ஒண்ணு இருக்கு. போட்டுட்டு வாறேன்."

"சபை விஷயம் சிஸ்டர். அடுப்ப அணைச்சிட்டு வாங்க."

"அணைக்குத நேரம் வந்தா அணைப்பேன்."

மூன்று பெரிய மனிதர்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் சுற்றியது. ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் போனை எடுத்து வைத்து, எடுத்து வைத்தார். அக்கா அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டி நின்றார். அந்தக் கால் மணி நேரத்தில் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கடைசிக் கிண்ணத்தைக் கொட்டி, அடுப்பை அணைத்து, மூடி போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர்களுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

செயலாளருக்கு முகம் கறுத்திருந்தது. "சபைக்குள்ள பேச்சு வருது. கொயர் நடத்துறவங்க நாலு பேருக்கு முன்மாதிரியா, சாட்சியா இருக்கணும். வர்ற ஞாயிறு ஆராதனைல எந்திரிச்சு சபையார்கிட்ட மன்னிப்பு கேட்டுருங்க. இனிமே செய்ய மாட்டேன்னு ஒரு வார்த்தை. அதோட விட்டுரலாம்."

"எதுக்கு மன்னிப்பு?"

"எதுக்கா? இதுக்குத்தான்" என்று அடுக்களைப் பக்கம் கையை நீட்டினார். "சட்டப்படியே தப்பு இது. நாங்க நெனச்சா போலீசுக்குப் போகலாம்."

அக்கா அவரை நிதானமாகப் பார்த்தார். "போலீஸ் வந்து டீ குடிச்சிட்டுப் போயாச்சி. சட்டம் பேசுதீங்களே, இந்த ஊர்ல குடிக்கிறதுக்கே பர்மிட் வேணும்னு தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு இதே சோபால உக்காந்து குடிச்சீங்களே, உங்ககிட்ட பர்மிட் இருந்துச்சா?"

கூட வந்த இருவரில் ஒருவர் தரையைப் பார்த்தார். அவரும் குடித்தவர்தான்.

"அது வேற, இது வேற" என்றார் செயலாளர்.

"எப்படி வேற? சொல்லுங்க, கேப்போம்."

செயலாளர் எழுந்துகொண்டார். "ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு முடிஞ்சதும் உங்களக் கூப்பிடுவோம். மன்னிப்பு இல்லன்னா கொயர் இல்ல" என்றார்.

அவர்கள் போன பிறகு நான்தான் கத்தினேன். அந்தத் தம்ளரைப் பற்றி அப்போதே முகத்துக்கு நேரே இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா, மகளுக்காகப் பழி வாங்குகிறார் என்று சொல்லியிருக்க வேண்டாமா, கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீரைத் திராட்சரசம் ஆக்கியது யார் என்று கேட்டிருக்க வேண்டாமா என்றெல்லாம். அக்கா ஐஸ் தண்ணீரில் டேக்சாவை இறக்கிக்கொண்டே சொன்னார்: "ஆண்டவர இதுல இழுக்காத. நான் பீர் காய்ச்சுததுக்கு அவரு ஜாமீன் வரணுமா?"

அந்த ஞாயிறு கோவில் நிரம்பியிருந்தது. வராதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். வேடிக்கை என்றால் நம் ஜனங்கள் தாமதமாக வருவதில்லை. முதல் இரண்டு பாட்டுகளையும் அக்காதான் நடத்தினார், எப்போதும் போல. கை பிசகியதா என்று பார்த்தேன். இல்லை. நாங்கள்தான் நேரம் பிசகி நுழைந்தோம், அதற்காக முறைத்தார்.

அறிவிப்புகள் முடிந்தன. செயலாளர் மைக்கில், "நம்ம கொயர் சிஸ்டர் சபையார்கிட்ட ஒண்ணு சொல்ல விரும்புறாங்க" என்றார். விரும்புகிறாராம்! அக்கா நடுவழியில் வந்து நின்றார். மைக்கை வாங்கவில்லை. அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

"நான் எங்க வீட்டுல பீர் காய்ச்சுதேன். உண்மை. யாருக்கும் விக்கல. குடிச்சிட்டு ஒருநாளும் கோவிலுக்கு வரல. கஞ்சான்னு சொன்னது பொய், அது ஒரு பூவு. இதுல யாருக்கு என்ன தீங்கு செஞ்சேன்னு வாரம் பூரா யோசிச்சேன். தெரியல. தெரியாத தப்புக்கு ஆண்டவர் சந்நிதில நின்னு பொய்யா மன்னிப்பு கேக்க மாட்டேன். அவ்வளவுதான்."

செயலாளர் எழுந்தார். "இது தேவனுடைய வீடு. குடியப் பத்தி இங்க பெருமையாப் பேச விடமாட்டோம். இந்தச் சபையில குடிக்கிற குடும்பம் கிடையாது" என்றார்.

அப்போது பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசையில், எஸ்தர் அத்தை எழுந்தார். எழுந்தது அவர்தான் என்று புரியவே எனக்குச் சற்று நேரமாயிற்று. அந்தக் கோவிலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் குடிச்சேன்" என்றார். முக்காட்டைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். "கிறிஸ்துமஸுக்கு. அடுக்களைல நின்னு ஒரு தம்ளர் குடிச்சேன். இவுகளும் குடிச்சாக. ரெண்டு தம்ளர். நல்லாருக்குன்னு சொன்னாக. மன்னிப்பு கேக்கணும்னா எல்லாரும் சேர்ந்து கேப்போம். அவள மட்டும் எதுக்கு நிப்பாட்டுதிய?"

உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த அவருடைய மகள், ஈஸ்டருக்குப் பாடமுடியாமல் போன அதே பெண், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். போதகர் அவசர அவசரமாக ஆசீர்வாதம் சொல்லி ஆராதனையை முடித்தார். காணிக்கைப் பாட்டுப் பாடவே இல்லை. அதற்காக அக்கா பின்னால் ரொம்பக் கோபப்பட்டார்.

நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. அடுத்த வாரம் பலகையில் ஒரு அறிவிப்பு: பாடகர் குழு சீரமைக்கப்படுகிறது. காரணம் இல்லை, பெயர் இல்லை. ஆட்டோமேட்டிக் தாளம் போடுகிற ஒரு கீபோர்டும், அதை வாசிக்க முலுண்டிலிருந்து ஒரு பையனும் வந்தார்கள். நாங்கள் ஐந்தாறு பேர் விலகினோம். கிரேஸ் தாராவியிலேயே வேறு சபைக்குப் போய்விட்டாள். எஸ்தர் அத்தையைப் பல வாரங்கள் கோவில் பக்கமே காணோம். கேட்டவர்களிடம் செயலாளர், "முட்டுவலி" என்றார். முட்டுவலியாம்! காய்கறி வாங்கச் செம்பூர் மார்க்கெட்டில் அத்தை நடந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். பக்கத்தில் போனேன். "வீட்ல பேச்சுவார்த்தை இல்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிம்மதியாத்தான் இருக்கு" என்றார்.

அக்கா மட்டும் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தக் கோவிலை இனி எதற்கு மிதிக்க வேண்டும், மாட்டுங்காவில் வேறு சபை இல்லையா என்று நான் சண்டை போட்டேன்.

"நான் கோவிலுக்குப் பாட வந்தேனா, நடத்த வந்தேனா?" என்று கேட்டார். "நடத்துததுதான் போச்சி. பாடுதது எங்கிட்டதான் இருக்கு. அத எவன் பிடுங்க முடியும்?"

பீர் காய்ச்சுவதையும் நிறுத்தவில்லை. மூன்று கிண்ணங்களும் அதே வரிசையில் இருந்தன. அத்தை மறுபடி கோவிலுக்கு வரத் தொடங்கியபோது நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். செயலாளர் மேடையிலிருந்து அதைப் பார்த்தார். பார்க்கட்டும்.

பிறகு எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதாக பில்டர் வந்தார். எல்லோரும் ஒவ்வொரு திசையில் வாடகைக்குப் போனோம். அக்கா நேரூலுக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார். டேக்சாவை டெம்போவில் ஏற்றும்போது கூலிக்காரர்களைத் திட்டியதுதான் நான் நேரில் கேட்ட அவருடைய கடைசித் திட்டு.

இந்த வருஷம் சபைக்கு விழா. மலர் ஒன்று வெளியிட்டார்கள். வழுவழு தாளில் செயலாளரின் படம் ஒரு முழுப்பக்கம். அவர் இப்போது தலைவர். உள்ளே 'நமது பாடகர் குழு' என்ற தலைப்பில் பழைய போட்டோ ஒன்று. அந்த ஈஸ்டர் காலையில் எடுத்தது. நான் இருக்கிறேன், கிரேஸ் இருக்கிறாள், எல்லோரும் இருக்கிறார்கள். இடது ஓரத்தில் அக்கா நின்ற இடத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். மலரைத் தயாரித்தவரிடம் போய்க் கேட்டேன். "பக்கத்துல இடம் பத்தல" என்றார் கூசாமல்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். கோபத்தில் அழுகைதான் வந்தது. நான் கொட்டி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"படத்த கையில வச்சிருக்கியா?" என்றார்.

"வச்சிருக்கேன்."

"எல்லாரும் எங்க பாத்துட்டு நிக்கிய?"

"எங்க பாப்போம்? உங்களத்தான். எல்லாரும் இடது பக்கமா வாயத் திறந்துட்டு நிக்கோம். அங்க ஆளே இல்ல. பாக்கவன் சிரிப்பான்."

"வாய எல்லாரும் ஒரே நேரத்துல திறந்திருக்கியளா?"

இது என்ன கேள்வி என்று எரிச்சலோடு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆல்ட்டோ, சோப்ரானோ, பின்வரிசை ஆண்கள், எல்லா வாயும் ஒரே அளவில் திறந்திருந்தன.

"ஆமாக்கா."

"அப்ப சரி" என்றார். குரலில் அவ்வளவு திருப்தி.

அவருக்குச் சரியாக இருக்கலாம். எனக்குச் சரியில்லை.